அரக்குப் பட்டு ரவிக்கை

"நாளைக்கு வாங்கம்மா. இன்னிக்கு மிஷின்ல ஊசி ஒடஞ்சு போச்சு."

மயிலாப்பூர் மாட வீதித் தையல்கடை ஷரஃபுதீன் பாய் என்னை இப்படித் திருப்பி அனுப்பறது அது அஞ்சாவது தடவை. முந்தின நாள் நூல் தீர்ந்து போச்சுன்னார். அதுக்கு முந்தின நாள் இடுப்பு வலி. ஒரே ஒரு ரவிக்கை, அரக்குப் பட்டு, வைகாசியில் என் தம்பி கல்யாணத்துக்கு. ரெண்டு நாள்ல தரேன்னு வாங்கிண்ட மனுஷர், இதைத் தைக்க எத்தனை யுகம் எடுத்துப்பார், சொல்லுங்கோ.

"உமக்கே வெட்கமா இல்லையா பாய்? தைக்க முடியாட்டா கடையை எதுக்குத் திறந்து வச்சிண்டிருக்கீர்?"

பாய் குனிஞ்ச தலை நிமிராம காஜா எடுத்துண்டிருந்தார். தெருவில் போறவா நாலு பேர் நின்னு வேடிக்கை பார்த்தா. பார்க்கட்டுமேன்னு இன்னும் ரெண்டு வார்த்தை கூடவே சொல்லிட்டு வந்தேன்.

உள்ளதைச் சொல்லணும்னா, அவரைத் திட்டற அந்தக் கால் மணி நேரம்தான் நேக்கு அன்னன்னிக்கு மூச்சு ஒழுங்கா வந்தது. மத்த நேரமெல்லாம் பயம்.

இடது மார்பில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. ஆஸ்பத்திரி லேடி டாக்டர் அதில் துளியூண்டு வெட்டியெடுத்து, சீசாவில் போட்டுப் பரீட்சைக்கு அனுப்பியிருந்தா. பத்து நாள் கழிச்சு வா, புத்தா இல்லையான்னு தெரிஞ்சுடும், புத்துன்னா மார்பையே எடுக்கும்படி இருக்கும்னு முகத்துக்கு நேரே சொல்லிட்டா. நல்லவதான். ஆனா பூசி மெழுகத் தெரியாது.

விஷயம் தெரிஞ்சது எங்காத்துக்காரர் ஒருத்தருக்குத்தான். உப்புப் போட மறந்த ரசத்தைக்கூட அவர் பேஷ் பேஷ்னு சாப்பிட்டுட்டு எழுந்து போனார். ஒரு நாளாவது என்னடி சமையல் இதுன்னு கத்தமாட்டாரான்னு இருந்தது. அரைக்கறச்சே, தோய்க்கறச்சே, கை தானா இடது பக்கம் போகும். கோவிலுக்குப் போய் நின்னா ஸ்லோகம் பாதியில் மறந்துடும். பாயைக் கண்டா மட்டும் வார்த்தை தங்குதடையில்லாம வந்தது.

அளவெடுக்க வந்தது பாயோட சம்சாரம் அஸ்மத்துன்னிசா. பொம்மனாட்டிகளுக்கு அவள்தான் ஆத்துக்கே வந்து டேப் பிடிப்பாள். வெட்டியெடுத்த மூணாம் நாள் வந்து நின்னாள். வேண்டாம்னு அனுப்ப என்ன காரணம் சொல்றது? டேப் புண் மேல இருந்த கட்டுத் துணியில் பட்டதும் வலி பொறுக்காம பல்லைக் கடிச்சேன். வேனல் கட்டின்னு சொல்லிச் சமாளிச்சேன். அவளும் ஒண்ணும் கேக்காம டேப்பைச் சுருட்டிண்டு போயிட்டா.

பத்தாம் நாள் எங்காத்துக்காரரும் நானும் டிராமில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லேடி டாக்டர் காகிதத்தை ரெண்டு தரம் படிச்சா.

"புத்து இல்லை. வெறும் கட்டி. வீட்டுக்குப் போம்மா."

நேக்கு அழணும்னு தோணலை. ஊரைக் கூட்டிக் கத்தணும்னு தோணித்து. எங்காத்துக்காரர் ஆஸ்பத்திரி வாசல்ல, பட்டப்பகல்ல, எல்லாரும் பார்க்க என் கையைப் பிடிச்சுண்டார். கல்யாண மணையில் பிடிச்சதுக்கு அப்புறம் நாலு பேர் எதிரே பிடிச்சது அன்னிக்குத்தான். டிராம் வர்ற வரைக்கும் விடலை. நானும் விடுங்கோன்னு சொல்லலை.

மயிலாப்பூரில் இறங்கினதும், நீங்க ஆத்துக்குப் போங்கோ, அந்தத் தையல்காரரை ஒரு கை பார்த்துட்டு வரேன்னேன். என் பங்குக்கும் சேர்த்துத் திட்டிட்டு வான்னு சிரிச்சார். அவர் சிரிச்சுப் பத்து நாளாச்சு.

நேரே கடைக்குள்ளேயே ஏறிட்டேன். இன்னிக்கு ரவிக்கை கைக்கு வராம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்னு நின்னேன். பாய் வாயைத் திறக்கறதுக்குள்ள உள்பக்கத்துத் திரை விலகித்து. அஸ்மத்துன்னிசா.

"கட்டி இன்னாச்சும்மா?"

"புத்து இல்லையாம். வெறும் கட்டிதான்னு டாக்டர் சொல்லிட்டா." சந்தோஷத்தில் வேனல் கட்டின்னு சொன்ன பொய்யே மறந்து போச்சு.

அவள் கண்ணை மூடி அல்லாவுக்கு என்னவோ சொன்னாள். பாய் எழுந்து, அலமாரியிலேர்ந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்கிட்ட நீட்டினார். பிரிச்சா, என் ரவிக்கை. குத்தம் சொல்ல ஒரு இழை கிடையாது. ஆனா மடிப்பெல்லாம் அழுந்திக் கிடந்தது. தைச்சு நாளாயிருக்கு.

நேக்குச் சுருக்குனு கோபம் வந்தது. அலமாரியில் இன்னொரு பொட்டலம், ஓரத்தில் அதே அரக்கு நிறம் தெரிஞ்சுது. அதையும் வெடுக்குனு இழுத்துப் பிரிச்சேன்.

அதே அளவில் இன்னொரு ரவிக்கை. அதுக்கு நான் துணியே குடுக்கலை. இடது பக்கம் மட்டும் கைக்குக் கனமாப் பட்டுது. திருப்பிப் பார்த்தேன். உள்ளே மெல்லிசுத் துணி வச்சு, பஞ்சு அடைச்சு, வலது பக்கத்துக்குச் சமமா, வெளியில் யாருக்கும் தெரியாதபடி பொடித் தையல் போட்டிருந்தது.

"எங்கக்காவுக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்கம்மா. அவ வாசலுக்கே வராம கெடந்தா. இவருதான் இப்டித் தச்சுக் குடுத்து அவளை வெளிய நடக்க வெச்சாரு. உங்க கட்டுத் துணியப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு"ன்னாள் அஸ்மத்துன்னிசா.

ஆஸ்பத்திரியில் வராத அழுகை அங்கே வந்தது. அழுதுண்டேதான் கேட்டேன்.

"அப்போ ஏன் பாய் தினம் ஒரு சாக்குச் சொல்லி என்கிட்ட அத்தனை திட்டு வாங்கிண்டீர்?"

ஷரஃபுதீன் பாய் அப்பவும் தலையை நிமிர்த்தலை.

"ரெண்டும் அன்னிக்கே தச்சாச்சும்மா. எதைக் குடுக்கறதுன்னுதான் தெரியலை."