மூடிக்குள் ஒரு பெல்ட்

தணிகாசலத்தின் காரில் இரண்டு பெல்ட்டுகள் இருந்தன. ஃபேன் பெல்ட் வெளியே ஓடியது. காலையில் வண்டியைக் கிளப்பினாலே கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டும். டைமிங் பெல்ட்டோ எட்டு வருஷமாகக் கறுப்பு மூடிக்குள், இருட்டில், ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“உடம்பெல்லாம் வெடிச்சிருக்குங்கறே, வாயைத் திறந்து கத்தித் தொலையேன்டா!” என்று அதட்டியது ஃபேன் பெல்ட்.

“எனக்குக் கத்த வராதே,” என்றது டைமிங் பெல்ட்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். “சார், டைமிங் பெல்ட் மாத்த வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டியாச்சு. மாத்திடலாமா?”

மூடிக்குள் அது காதைத் தீட்டிக்கொண்டது.

“அதுகிட்ட சத்தமே இல்லியேப்பா. நல்லா ஓடுறதை எதுக்கு நோண்டணும்? அந்தக் கீச்சுக் கீச்சை மட்டும் மாத்து,” என்றார் தணிகாசலம்.

பேச்சுக்கு இருந்த ஒரே துணையும் அன்றைக்குப் போயிற்று. புதிதாக வந்த ஃபேன் பெல்ட்டுக்கு, மூடிக்குள் ஆள் இருப்பதே தெரியாது.

மறுநாள் தணிகாசலம் என்ஜினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். மூடிமேல் ஒரு விரல் அழுந்தியது. நம்மையும் நினைத்துத்தான் வைத்திருக்கிறார் என்று அந்த வாரம் முழுக்க டைமிங் பெல்ட் உற்சாகமாக ஓடியது. எட்டாம் நாள், நட்டநடு பைபாஸில், அறுந்தது. வண்டியும் அங்கேயே நின்றது.

சந்தனப் பொட்டோடு இருந்த மூடியை மெக்கானிக் கழற்றினார். முதல்முறையாக வெளிச்சம் வந்தது. பின்னாலேயே தணிகாசலத்தின் முகமும் எட்டிப் பார்த்தது.

“இதுவா அது?” என்று அவர் மெக்கானிக்கிடம் கேட்டார்.