அப்பா தொடாத ஈட்டி

சகினாவின் ஈட்டியை அப்பா தொட்டு முடித்தால் அடுத்தது நான்தான்.

ஈட்டி என்றால் நிஜ ஈட்டி இல்லை. சகினாவுக்கு முன்னால் இருந்த தாளில் ‘வெள்ளி ஈட்டி, ஒன்று’ என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அடையாறு காந்தி நகரில் ஜெயபாரதி வீட்டு மாடி அறை. எழுபத்தொன்பதாம் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய விளையாட்டு இது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஜெயபாரதி கதையை நடத்துவாள். நாங்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அதற்குள் நடமாடுவோம். சகினா வேட்டைக்காரி. கருணாகரன் மந்திரவாதி. நான் கொடிவல்லி, வாள் வீசுகிறவள்.

எட்டு மாதமாக நான் கொடிவல்லி. வீட்டில் சாம்பாரா ரசமா என்றுகூட என்னை யாரும் கேட்பதில்லை. இங்கே நான் வலப்பக்கம் என்றால் எல்லோரும் வலப்பக்கம் திரும்புவார்கள். அந்தச் சுகத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஜெயபாரதி என் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். ‘காட்டில் உன்னை ஓநாய் மனிதன் கடித்துவிட்டான். இனி பௌர்ணமி வந்தால் நீயும் ஓநாய். மூச்சு விடாதே.’

அன்றிலிருந்து கதையில் கிராமத்து ஆட்கள் இரண்டு பேரைத் தின்றுவிட்டேன். கூட இருப்பவர்களுக்குத் தெரிந்தால் கொடிவல்லியைக் கொன்றுவிடுவார்கள். செத்தால் வேறு வேஷத்தில் முதலிலிருந்து தொடங்கலாம். தொடங்க இன்னொரு ஞாயிறு கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

ஏனென்றால் அப்பா வந்திருந்தார்.

“வாராவாரம் அங்க என்னதான் நடக்குன்னு இன்னைக்குப் பாக்கேன். சரியில்லைன்னா இதோட சரி” என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

சும்மா உட்கார்ந்து பார்க்க ஜெயபாரதி விடவில்லை. அறைக்குள் இருப்பவர் கதைக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அப்பாவுக்குக் காபி கொடுத்து, அவரைக் கோட்டைக் காவல்காரர் ஆக்கிவிட்டாள். இதுவரை நடந்ததையெல்லாம் கருணாகரன் பொறுமையாகச் சொன்னான். அப்பா சம்பந்தி வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல விறைப்பாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

ஓநாய் எங்களுக்குள்தான் இருக்கிறது என்று கருணாகரனுக்கு இன்றைக்குத்தானா தோன்ற வேண்டும்? வெள்ளி பட்டால் ஓநாய் மனிதனுக்குத் தோல் பொசுங்கும். அதனால் ஆளுக்கொரு தரம் ஈட்டி முனையைத் தொட வேண்டும் என்றான். சகினா தொட்டாள். அவனும் தொட்டான். ஒன்றும் ஆகவில்லை.

“அங்கிள், நீங்க தொடுங்க” என்றாள் சகினா.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“இரும்மா. போன மாசம் இந்த ஈட்டியால இரும்புக் கதவைக் குத்தித் திறந்தீங்கன்னு தம்பி சொல்லிச்சே, முனை மழுங்கலையா?”

“இல்ல அங்கிள்.”

“அப்ப அது வெள்ளியே இல்ல. வெள்ளின்னா அந்தக் குத்துல மடங்கிருக்கும்லா? எவனோ முலாம் பூசுனதை உன் தலையில கட்டிட்டான்.”

“இன்னா அங்கிள் சொல்றீங்க! தங்கக் காசு குடுத்து வாங்கினேனே!”

பனகல் பார்க் பக்கத்தில் இருபது வருடமாக வெள்ளிப் பாத்திரக் கடை வைத்திருப்பவர் சொல்லும்போது மறுத்துப் பேச எங்களில் யாருக்கு என்ன தெரியும்? ஜெயபாரதி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். வெள்ளி ஈட்டிக்கு விலை இருந்தது, எடை இருந்தது. வெள்ளியின் தரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஈட்டி போலி என்று தீர்ப்புச் சொன்னாள். சகினா அதை விற்ற கொல்லனைத் திட்டித் தீர்த்தாள். புதிய ஈட்டி வாங்கும்வரை சோதனை நின்றது. அன்றைய ஆட்டமும் அதோடு முடிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் காலேஜ் பெயரைக்கூட மாற்றிச் சொல்லும் மனுஷர். அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்துக் காப்பாற்றியும் விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“ரொம்ப தேங்க்ஸ்ப்பா. இல்லன்னா இன்னிக்கு என்னைக் கொன்னுருப்பாங்க.”

“உன்னை எதுக்குக் கொல்லணும்?”

“நான்தானேப்பா ஓநாய்.”

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

“நீயுமா?”

அப்பா சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. காபி கொடுக்கும் சாக்கில் ஜெயபாரதி அவர் காதோடு சொல்லியிருக்கிறாள். கோட்டை வாசலில் காவல்காரரை ஓநாய் கடித்துவிட்டது, மூச்சு விடக்கூடாது என்று.

ஆக, அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

“அந்த ஈட்டி போலின்னு சொன்னதாவது நிஜமா?”

பஸ் வருகிறதா என்று அப்பா சாலையை எட்டிப் பார்த்தார்.

“செம்பு கலந்தா முனை கெட்டியா நிக்கும். அதுவும் வெள்ளிதான். நம்ம கடையில இருக்கது பூராவும் அதுதான்.”

“அப்போ பொய்யா? வெள்ளி விஷயத்துல நீங்க பொய் சொன்னீங்களா?”

“பின்ன என்னட்டி செய்யச் சொல்லுத?” என்றார் அப்பா. “மொத நாளே செத்துட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை எப்பிடி வாரது?”