எதிரியின் சிபாரிசு

“முதல் அத்தியாயத்துலயே கட்டின புருஷனைக் கொல்ற கதையை எவன் காசு குடுத்து வாங்குவான்?” என்று ஆர்லன் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

பக்கத்து மேசை மார்லீஸ் சும்மா இருப்பாளா? “உங்க கதையில பதினோரு பொம்பளைங்க வர்றாங்க. ஒருத்தியாவது சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசறாளா? பொம்பளைன்னா என்னன்னே தெரியாத ஆளு எழுதினது!”

அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஏரிக்கரை ஹோட்டலில், சொந்தமாக அச்சடித்துக்கொள்ளும் மாயாஜால நாவல்காரர்களின் வருடாந்திரச் சந்தை அது. நாற்பது மேசை, நாற்பது எழுத்தாளர்கள், குறைந்தது அறுபது டிராகன்கள். எத்தனை பதிப்பகங்கள் ‘வேண்டாம்’ என்று திருப்பியனுப்பின என்பதை ஆளாளுக்குச் சட்டையில் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். மார்லீஸின் பதக்கத்தில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

அவள் ஒன்பது வருஷமாக எழுதுகிறாள். அவளை முழுசாகப் படித்தவர்கள், பல் டாக்டரையும் சேர்த்துப் பதினாறு பேர். “இந்த வருஷமும் ஒண்ணும் நடக்கலேன்னா எழுதறதை விட்டுடப் போறேன்” என்று காலையில் வாசலில் பேர் பதியும்போதே சொல்லிவிட்டாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

நடப்பது என்றால் ஹால்வர் மனசு வைக்க வேண்டும். பனி வாரும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், வாரம் ஒரு மின்மடலில் ஒரே ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வார். அதை இருபதாயிரம் பேர் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், படியுங்கள் என்று நீட்டினால் தொடமாட்டார். யாராவது புகழ்ந்தாலும் தொடமாட்டார். “அம்மா புகழ்ந்தா பாசம், பொண்டாட்டி புகழ்ந்தா பயம், சக எழுத்தாளன் புகழ்ந்தா பதிலுக்கு நாமளும் புகழணும்” என்பது அவர் கட்சி. மூன்று வருஷமாக மார்லீஸின் மேசையைக் கடந்துதான் கழிப்பறைக்குப் போகிறார். ஒரு தடவைகூட நின்றதில்லை.

இன்று நின்றார். கையில் பொரித்த சீஸ் பொட்டலம்.

“என்னய்யா சண்டை?”

“நீங்களே கேளுங்க சார் இந்தக் கண்றாவியை” என்று மார்லீஸின் புத்தகத்தைப் பிடுங்கிய ஆர்லன், சட்டைப் பையைத் தடவினான். மேசைக்கு அடியில் குனிந்தான். “என் கண்ணாடியை எங்க வெச்சேன்?”

“தலைமேல” என்றாள் மார்லீஸ், அவன் பக்கம் திரும்பாமலே.

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தான். “‘கொல்லன் ஓர்வின் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே, என் சுத்தியல் எங்கே என்று தேடிக்கொண்டு போய் டிராகனின் வாய்க்குள் நுழைந்தான்.’ சரி, செத்தான். பொண்டாட்டி அழுவான்னு பார்த்தா, டிராகனுக்கு வயித்தை வலிக்குமேன்னு கஷாயம் வைக்கப் போறா சார்! இதெல்லாம் ஒரு கதையா?”

கூட்டம் சிரித்தது. ஹால்வர் சீஸை மெல்லுவதை நிறுத்தினார்.

“இவர் யோக்கியதையைப் பாருங்க” என்று மார்லீஸ் ஆர்லனின் நாவலைப் பிரித்து வரைபடத்தைக் காட்டினாள். “ஆத்துத் தண்ணி மலைமேல ஏறுது! ஏன்டாப்பா ஏறுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டா, முந்நூறாம் பக்கத்துலதான் சொல்றார், கடல்ல இருக்கிற எதையோ பார்த்துப் பயந்து ஓடுதாம். ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் போச்சு!”

“முந்நூறு பக்கம் படிச்சியாம்மா?” என்றார் ஹால்வர்.

“திட்டணும்னா முழுசாப் படிக்க வேணாமா?”

ஹால்வர் இரண்டு புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு, சுவரோரமாகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். “மூச்சு விடக் கூடாது ரெண்டு பேரும்” என்று அதட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். சீஸ் ஆறிப் போனது. நடுவில் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தார், ஒரு தடவை மூக்கைச் சிந்தினார். மார்லீஸ் அதற்குள் நகத்தைக் கடித்தே தீர்த்திருந்தாள்.

நாலு மணிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எத்தனையோ வருஷமா எழுதறேன், ஒரு வாரத்துல ரெண்டு புத்தகம் போட்டதே இல்லை. இந்த வாரம் போடறேன். வேண்டாதவனே விடிய விடியப் படிச்சிருக்கான்னா அதைவிட என்னய்யா சிபாரிசு வேணும்?”

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, தான் எழுதியது வீண் இல்லை என்று மார்லீஸுக்குத் தோன்றியது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், அப்படியும் அழுதுவிட்டாள்.

“பாரு, அழுதுடுச்சு பாவம்” என்று ஹால்வர் ஆர்லனை முறைத்தார். “இனிமேலாவது இந்தம்மாகிட்ட மரியாதையா நடந்துக்க. ஒரு காபி வாங்கிக் குடுத்துச் சமாதானம் ஆகப் பாரு.”

“இவங்ககூடவா? தலையே போனாலும் மாட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் ஆர்லன்.

ஐந்து மணிக்குக் கூடம் காலியானது. ஹால்வரின் தொப்பி சுழல்கதவைத் தாண்டிப் போய்விட்டதா என்று ஆர்லன் ஒன்றுக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு மார்லீஸின் பெட்டியையும் சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு, அவள் காதருகே குனிந்தான்.

“ரெண்டாம் பாகத்துலயாவது என்னை உயிரோட விடுடி.”