முணுமுணுக்கக் கூடாது

எந்தத் துன்பத்திலும் முணுமுணுக்காமல் ஆண்டவரைத் துதிப்பவனே உண்மையான விசுவாசி என்று ஞாயிறுதோறும் முழங்கும் சபை மூப்பர், லிஃப்ட் ஓடவில்லை என்று ஆஸ்பத்திரிக் காவலாளியைத் திட்டித் தீர்த்துவிட்டு மூன்றாம் மாடி ஏறினார்.

அங்கே அவருடைய சபையைச் சேர்ந்த ஒரு லாரி டிரைவருக்குக் காலில் அன்று மூன்றாவது ஆபரேஷன். இதுவும் சரிவரவில்லை என்றால் காலையே எடுத்துவிட வேண்டியதுதான். ஜெபிக்க வந்த மூப்பரின் காதில், திரைக்குப் பின்னாலிருந்து டிரைவர் மனைவியின் குரல் விழுந்தது.

"ஆண்டவரே, எந்திரிங்க! இன்னும் என்ன தூக்கம்? நாங்க மண்ணோட மண்ணாக் கிடக்கிறோம், நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டா எப்படி?"

மூப்பர் திரையைச் சரேலென்று இழுத்தார்.

"ஏம்மா, ஆண்டவர் என்ன உன் வீட்டு வேலைக்காரரா? வாய்க்கு வந்தபடி பேசுறே!"

"கோவம் வருதுங்க ஐயா. அவர் கேட்பார்னு நம்புறதாலதானே அவர்கிட்ட சண்டை போடுறேன்?"

"இது நம்பிக்கையா? திமிர்! இந்த வாயை வச்சுக்கிட்டு உன் புருஷன் கால் எப்படிம்மா பிழைக்கும்?"

படுக்கையில் டிரைவரின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவரை ஏங்க பயமுறுத்துறீங்க? நான் சொன்னது சங்கீதம் நாற்பத்து நாலு, கடைசி நாலு வசனம். என் பேச்சுல சொன்னேன், அவ்வளவுதான். உங்க பைபிளை எடுத்துப் பாருங்க!"

மூப்பர் கக்கத்திலிருந்த பைபிளை எடுத்துப் பிரித்தார். பத்து வருடமாக அவர் சுமக்கும் அந்தத் தங்க விளிம்புப் புத்தகத்தில், அந்தப் பக்கங்கள் கடையில் வாங்கியபோது இருந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.