முல்வாலா ஏரியில் விலைக்கு ஒரு படகு

“இவ்வளவு மலிவா விக்கிறாங்கன்னா எங்கேயோ இடிக்குதே, டேரன்!”

காரை விட்டு இறங்கும்போதும் மெரின் இதையேதான் சொன்னாள்.

“நீ எதைத்தான் நம்பினே? நம்ம கையில இருக்கிற காசுக்கு வேற எது கிடைக்கும்?”

அதுவும் உண்மைதான். இதுவரை பார்த்த படகுகளில் ஒன்றில் ஏறி நின்றதுமே தரை மெத்தை மாதிரி அமுங்கியது. இன்னொன்றில் பெயின்ட் புதுசு, உள்ளே மரமெல்லாம் உளுத்துப் போயிருந்தது. பிள்ளைகள் இண்டியும் ஃபெர்கஸும், இந்தக் கோடையிலாவது நீர்ச்சறுக்கு விளையாட முடியுமா என்று தினம் அரித்தெடுத்தார்கள்.

படகு தண்ணீரில் தயாராக நின்றது. படகின் சொந்தக்காரி ரொவீனாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம். சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

மெரின் தரையெல்லாம் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. இவ்வளவு நல்ல படகை எதற்கு இந்த விலைக்கு? பயம் இன்னும் கூடியது.

“ஏன் விக்கிறீங்க?”

“இனிமே வேண்டாம்னு தோணிச்சு.”

“எஞ்சின் ஏதாவது தகராறு பண்ணுமா?”

“ஓட்டிப் பாருங்க. யார் ஓட்டப் போறது?”

“நான்தான்,” என்றான் டேரன். “லைசென்ஸ் இருக்கு. போன மாசம் வாங்கினது.”

ரொவீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

படகு சீறிக் கிளம்பியது.

“அப்பா, இன்னும் வேகமா!” என்று கத்தினான் ஃபெர்கஸ்.

“இதையே வாங்கிடலாம்பா!” என்றாள் இண்டி.

“விக்கிறவங்க முன்னாடியே சொல்லித் தொலைக்காதே,” என்று சிரித்தான் டேரன். மெரினுக்குக்கூட லேசாகச் சிரிப்பு வந்தது.

ஏரிக்கு நடுவே பட்ட மரங்கள் நிற்கிற பகுதியை நெருங்கியபோது, எஞ்சின் பொசுக்கென்று நின்றது.

டேரன் சாவியைத் திருகினான். உறுமியது. பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினான்.

காற்று படகை மரங்களின் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

“நான் அப்பவே சொன்னேனே!” மெரினின் குரல் உடைந்தது. “ஏங்க, உங்க படகுதானே? ஏதாவது செய்யுங்களேன்!”

ரொவீனா பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

“ஓட்டுறது அவர்தானே?”

மனுஷியா இவள்! மெரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள், பின்னால் ஃபெர்கஸ் பாதி உடம்பை வெளியே நீட்டித் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உயிர்காப்புச் சட்டையின் பட்டை அவிழ்ந்து தொங்கியது.

ஒரே தாவலில் அவனை உள்ளே இழுத்தாள். பட்டையை மாட்டி இறுக்கினாள்.

“ரெண்டு பேரும் கீழே உட்காருங்க. கை காலை வெளியே நீட்டினா தொலைச்சுடுவேன்!”

டேரன் இன்னும் சாவியைத் திருகித் திட்டிக்கொண்டிருந்தான்.

“அதை விடு, டேரன்! நங்கூரம் எங்கே?”

“ஆங்?”

அவளே முன்பக்க மூடியைத் திறந்தாள். நங்கூரம் இருந்தது. கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் வீசினாள்.

கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு விறைத்தது. படகு ஒரு குலுக்கலோடு திரும்பி நின்றது. பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மொட்டை மரம்.

மெரின் படகில் கிடந்த துடுப்பை எடுத்து மரத்தில் ஊன்றித் தள்ளிப் பிடித்தபடி, தூரத்தில் போன படகைப் பார்த்து, “உதவி! உதவி!” என்று கத்தினாள்.

“போதும்,” என்றாள் ரொவீனா.

சட்டைப் பையிலிருந்து சுருண்ட சிவப்புக் கயிறு ஒன்றை எடுத்து, எஞ்சினை நிறுத்தும் விசையில் மாட்டினாள். “இது கழண்டிருந்தா எஞ்சின் பிடிக்காது. மாட்டியிருக்கான்னு முதல்ல பார்க்கணும்.”

சாவியைத் திருகியதும் எஞ்சின் உயிர்பெற்றது.

“நீங்களா கழட்டினீங்க?” டேரனுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

“ஆமா.”

“பைத்தியமா உங்களுக்கு?” மெரின் சீறினாள். “குழந்தைங்க இருக்காங்க! கரைக்குப் போனதும் போலீஸ்ல சொல்லப் போறேன்.”

“தாராளமா சொல்லுங்க. ஆனா படகு உங்களுக்குத்தான். விளம்பரத்துல போட்ட விலைக்கே தரேன்.”

“எங்களுக்கா?” என்றான் டேரன்.

“காலையில ஒருத்தர் வந்தார். கேட்டதைவிட அதிகமா தரேன்னார். இதே இடத்துல நிறுத்திப் பார்த்தேன். தன் பிள்ளைங்க பக்கம் திரும்பக்கூட இல்ல. போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். மலிவா போட்டாத்தான் நிறைய பேர் வருவாங்க. அதுல சரியான ஆளைத் தேடி எடுக்கலாம்.”

“விலை கொடுத்து வாங்க வந்தவங்களை யாராவது இப்படிப் பாடு படுத்துவாங்களா?” என்றாள் மெரின்.

ரொவீனா நங்கூரக் கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். கண் மட்டும் அந்த மரங்களை விட்டு நகரவில்லை.

“முன்னாடி வெச்சிருந்த படகை என் தம்பிக்குத்தான் கொடுத்தேன். எஞ்சின் இங்கேதான் நின்னுச்சு. அவனும் சாவியைத்தான் திருகிக்கிட்டே இருந்தானாம். அவனோட சின்னப் பொண்ணு கரைக்குத் திரும்பல.”

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“தம்பியாச்சேன்னு, படகை மட்டும் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்துக் கொடுத்தேன். அவனைப் பார்க்கல.”