இக்னேஷியஸின் முதல் திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இக்னேஷியஸ் இன்னும் பல்கூட விளக்காமல் உட்கார்ந்திருந்தார்.

யாருக்காக விளக்க வேண்டும்? நாற்பத்து நான்கு வயதில், நல்ல உடம்போடு, தானாகவே வேலையை விட்ட மனிதர் சாந்தோம் முழுக்கத் தேடினாலும் அவர் ஒருத்தர்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். சேர்ந்த முதல் வாரமே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வயதுவரை இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்றைக்கே சிக்கனத்தில் இறங்கினார்.

சாதாரணச் சிக்கனம் இல்லை. தீக்குச்சியை பிளேடால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்க வேண்டும். ஆபீசுக்கு நடைதான். செருப்பு தேயாமலிருக்க அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டுக்கொள்வார்.

காபிக்குச் சர்க்கரை திருநாள்களில் மட்டும். தினமும் ஏதாவது ஒரு புனிதருக்குத் திருநாள் வருகிறதே என்று மனைவி மர்சலின் ஒருநாள் கேட்டாள். அவர் நன்றாக யோசித்து, மாதாவுக்கும் தோமையாருக்கும் மட்டும் என்று சட்டத்தைத் திருத்தினார். மற்ற புனிதர்கள் கசப்பாகவே வந்து போனார்கள்.

யுத்தம் வந்தது. ரேஷன் வந்தது. ஊரே அரிசி போதாமல் திண்டாடியபோது இவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி மிஞ்சியது.

சட்டம் போடுவது அவர். குச்சியைப் பிளப்பது, நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைப்பது, கடற்கரைப் பக்கம் போய் அடுப்பெரிக்கச் சவுக்கு மிளாறு பொறுக்கிவருவது எல்லாம் மர்சலின். பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவளுக்கு நேரம் கிடக்கிறது என்பது அவர் எண்ணம்.

மாம்பலத்தில் வாங்கிப்போட்ட சின்ன வீட்டின் வாடகையே இனி இரண்டு வயிற்றுக்கும் போதும் என்று ஆன பிறகு, போன சனிக்கிழமை ராஜினாமாக் கொடுத்துவிட்டார். மாலை போட்டார்கள். டீயும் பன்னும் கொடுத்தார்கள். பன்னில் பாதியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கூடவே ராஜினாமாக் கடிதத்தின் நகலையும் கொண்டுவந்திருந்தார். இப்போது அதை மர்சலினுக்கு நான்காவது தடவையாகப் படித்துக் காட்டினார்.

மர்சலின் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இங்கிலீஷ்ல கேட்டா மனசுல நிக்க மாட்டேங்குது. தமிழ்ல சொல்லுங்க, எழுதி வெச்சிக்கிறேன்.”

இக்னேஷியஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை காலத்தில் அவருடைய ஆபீஸ் சமாசாரத்தை அவள் எழுதி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. போன வருட நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். துண்டுப் பென்சிலையும் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கடந்த பதினாறு வருடங்களாக இந்தக் கம்பெனியில் உண்மையோடு ஊழியம் செய்துவந்திருக்கிறேன். எஞ்சிய நாள்களை என் இஷ்டப்படி கழிக்க விரும்புகிறேன். ஆகையால் இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். என் பொறுப்பில் இருந்த சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். தாங்கள் இதுவரை காட்டிவந்த அன்புக்கு நன்றி.

அவள் நடுவில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

“‘உண்மையோடு’ன்னு மட்டும் போட்டா போதுமா? ‘முணுமுணுக்காம’ன்னும் சேக்கலாமா?”

“சேர்த்துக்கோ, தப்பில்லை,” என்றார், கண்ணைத் திறக்காமலே.

மர்சலின் எழுதி முடித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். இடுப்பில் செருகியிருந்த சமையலறைச் சாவியை எடுத்துத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

சாவி எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. தாள் பறக்காமலிருக்க வைத்திருப்பாள் என்று நினைத்து அதை ஓரமாக எடுத்து வைத்தார். பிழை பார்க்கும் பழக்கத்தில் பென்சிலைக் கையில் எடுத்தார்.

முதல் வரியிலேயே பிழை.

“பதினெட்டுன்னு எழுதிட்டியே மர்சலின். சர்வீஸ் பதினாறுதான்.”

“உங்களுக்குப் பதினாறு.”

அவர் தாளை மறுபடி மேலேயிருந்து பார்த்தார். கம்பெனி என்று அவர் சொன்ன இடத்தில் வீடு என்று இருந்தது. பெறுநர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது, முன்னால் திரு, பின்னால் அவர்கள்.

கல்யாணம் ஆகி இந்தத் தை மாதத்தோடு பதினெட்டு வருடம்.

இக்னேஷியஸ் கடைசி வரிவரை படித்தார். கம்பெனியில் அவர் இருந்தது தபால் பிரிவு. வந்த கடிதத்தைக் கையில் சும்மா வைத்திருந்த பழக்கமே அவருக்குக் கிடையாது. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை தன் பாட்டுக்கு நகர்ந்து, தாளின் வலது மூலையில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, கீழே சுருக்கொப்பமும் வைத்துவிட்டது.

வைத்த பிறகுதான் அதைப் பார்த்தார்.

மர்சலினும் எட்டிப் பார்த்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டாள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

உள்ளே அடுப்பில் தளதளவென்று சத்தம் கேட்டது.

“உலை கொதிக்குதுங்க,” என்றாள், எழுந்திருக்காமல்.