மருது அனுப்பிய கடைசிச் செய்தி

முதலில், தகவல் கோபுரத்தோடு நேராகப் பேசக் கூடாது என்றார்கள் வனத்துறையினர், பேட்டரி வீணாகிறதாம். அடுத்து, எங்கள் செய்தியையெல்லாம் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த மருதின் தலையில் ஏற்றினார்கள். பிறகு, பெயர் சேர்த்தால் செய்தி நீளுகிறது என்று, எல்லார் சூட்டையும் கூட்டிச் சராசரியை மட்டும் அனுப்பச் சொன்னார்கள். நாங்கள் முணுமுணுத்தோம், அதோடு சரி.

காட்டுத் தீயைக் கண்காணிக்க மரங்களில் கட்டிய கருவிகள் நாங்கள். கட்டிய மரத்தின் பெயரே எங்கள் பெயர்.

ஒரு மத்தியானம் பள்ளத்திலிருந்து கடம்பு கத்தியது: "மருதண்ணே, என் காலடியில் தீ!"

மருது கூட்டிப் பார்த்தது. "சராசரி வெறும் வெயில் அளவுதான் வருது, தம்பி."

"வேகிறது சராசரியா? நான்தானே வேகிறேன்!"

வேங்கை மரத்துக் கருவி அதட்டியது: "சும்மா இருடா. உன் பெயரையும் சேர்த்து அனுப்பினால் அண்ணன் பேட்டரி தீர்ந்துவிடும்."

"சுமந்து சுமந்து எப்படியும் தீரப்போகிறதுதானே," என்றது மருது. "எல்லாரும் கேளுங்கள். நீங்கள்தான் சாட்சி."

மிச்சமிருந்த மின்சாரத்தையெல்லாம் திரட்டி, சராசரியை ஒதுக்கிவிட்டு, கோபுரத்தை நோக்கி உரக்க வாசித்தது:

"தீ. பள்ளத்துக் கடம்பு."